1,148 மீட்டர்தானே என்று கிளம்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்காட்லாந்துப் பயணக் கட்டுரையில் பென் ஆல்டர் மலைக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். உயரம் 1,148 மீட்டர், ஏற்காட்டைவிடக் குறைவு, டால்வின்னியில் ரயிலைவிட்டு இறங்கி, ஏறிவிட்டு, அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று அதில் இருந்தது. மூன்றும் தனித்தனியாகப் பொய்யில்லை. ஆனால் சேர்த்துப் படிக்கிறவர் லண்டனிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ ஒரு தண்ணீர் பாட்டிலும் ஓட்டப்பயிற்சிக் காலணியுமாகக் கிளம்பிவிடுவார். அந்தப் பத்தியில் விட்டுப்போனதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டால்வின்னி ரயில் நிலையமே சுமார் 360 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 790 மீட்டர் ஏற்றம். அது பெரிய காரியமே அல்ல. மலையின் அடிவாரம் என்று சொல்லத்தக்க கல்ராவுக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் என்பதுதான் விஷயம். திரும்பி வர இன்னொரு 15. நடுவே பென் ஆல்டரையும் எதிரே நிற்கும் பென் வியோலையும் (1,019 மீட்டர்) சேர்த்து ஒரு சுற்று வந்தால் 17, 18 கிலோமீட்டர். மொத்தம் 47, 48. இதில் மூன்றில் இரண்டு பங்கு மலையே கிடையாது, ஏரிக்கரை வண்டிப்பாதை. ஆகவே எந்த முகட்டில் ஏறுவது என்பது இரண்டாவது கேள்வி. அந்த 30 கிலோமீட்டரை நடந்து கடப்பதா, சைக்கிளிலா என்பதுதான் முதல் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியைத்தான் இன்றும் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு பத்து மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். கல்ராவிலிருந்து உச்சிக்கு 7 கிலோமீட்டர், ஏற்றம் 690 மீட்டர். 84 நிமிடமும் 69 நிமிடமும் சேர்ந்தால் இரண்டரை மணி. நெய்ஸ்மித் கணக்கில் காலணிக் கயிறு கட்டவும் சாப்பிடவும் வழி பார்க்கவும் நேரம் கிடையாது. சதுப்பில் கால் புதைவதும் அதில் வராது. கால்பங்கு கூட்டி மூன்று மணி பத்து நிமிடம் என்று வையுங்கள். உச்சியிலிருந்து தெற்கே பியாலக் ப்ரெபக் கணவாய்க்கு இறங்க 50 நிமிடம். செங்குத்தான இறக்கத்தில் நேரம் மிச்சமாகும் என்று நினைப்பது தப்பு, 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூடத்தான் செய்யும். கணவாயிலிருந்து பென் வியோல் உச்சிக்கு ஒரு மணி ஐந்து நிமிடம், அங்கிருந்து கல்ராவுக்கு ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் ஆறரை மணி நேரம். உட்கார்ந்து சாப்பிட முக்கால் மணி நேரம் சேர்த்தால் ஏழேகால்.

சைக்கிளில் போனால் டால்வின்னியிலிருந்து கல்ராவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். காலை ஆறரைக்கு மிதிக்கத் தொடங்கினால் எட்டேகாலுக்கு அடிவாரம், எட்டரைக்கு நடை, நாலு மணிக்குள் மறுபடியும் சைக்கிள் அருகே, ஆறு மணிக்குள் டால்வின்னி. பதினொன்றரை மணி நேரம் போகும் நீண்ட நாள், ஆனால் முடியும். முழுக்க நடந்தால் அந்த 30 கிலோமீட்டருக்கே ஆறு மணிக்குக் குறையாது, மொத்தம் பதினாலு மணி நேரத்தைத் தொடும். ஜூன் கடைசியில் அங்கே பகல் பதினேழரை மணி நேரம் நீள்வதால் அப்போது அதுவும் நடக்கும். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பகல் பன்னிரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும், நடந்து போகிறவர் கடைசி இரண்டு மணி நேரத்தை இருட்டில்தான் கழிப்பார். டிசம்பரில் ஏழு மணி நேரப் பகல்கூட இல்லை. ஒருநாள் பயணம் என்ற பேச்சையே அப்போது எடுக்க வேண்டாம். மே முதல் செப்டம்பர் நடு வரை என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

சைக்கிள் என்றால் கடைத்தெருவுக்குப் போகிற சாதாரண சைக்கிள் போதாது, அகலச் சக்கரம் வேண்டும். எரிக்ட் ஏரியின் வடமேற்குக் கரையோரம் பென் ஆல்டர் மாளிகை வரை பாதை கெட்டியாக இருக்கும். அங்கிருந்து வலப்பக்கம் ஏறி பட்டக் ஏரிப் பக்கம் போனதும் கல்லும் மணலும் மாறி மாறி வரும். ஒரு மாற்று டியூப், பம்பு, சங்கிலி இணைப்புத் துண்டு மூன்றும் பையில் இல்லாவிட்டால், கல்ராவில் பஞ்சரான சைக்கிளை 15 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். டால்வின்னியில் ரயில் பாதையை எந்த இடத்தில் கடப்பது என்பதையும் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கையேடுகள் சொல்லும் கடவையை நம்பிப் போய் விடிகாலையில் பூட்டிய கதவின் முன் நிற்பது நல்ல தொடக்கமல்ல.

காற்றைப் பற்றி யாரும் எழுதாத ஒன்று. எரிக்ட் ஏரி வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளமாகக் கிடக்கிறது. அங்கே வழக்கமாக அடிப்பது தென்மேற்குக் காற்று. இரு பக்கமும் மலை, நடுவே குழாய் போலத் தண்ணீர்ப் பரப்பு. போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். அதனால் போக இரண்டு மணி நேரமும் வர ஒன்றேகாலும் என்று ஆவது சகஜம். காலையில் தாமதமானதைப் பார்த்துப் பதற வேண்டாம். காற்று வடகிழக்காக இருக்கும் நாளில்தான் கவனம் வேண்டும். போகும்போது சுகமாகப் போய்விட்டு, களைத்த கால்களோடு எதிர்காற்றில் மிதிக்க வேண்டி வரும்.

அடுத்தது வரைபடம். பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் லாண்ட்ரேஞ்சர் வரிசையில் 42-ஆம் தாள், அளவு 1:50,000. இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், உயரக்கோடு பத்து மீட்டருக்கு ஒன்று. வரைபடக் கட்டங்களில் பென் ஆல்டர் உச்சியின் இடத்தைக் காட்டும் எண் என்என் 496 718. போனில் வரைபடம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சிக்னல் இல்லாமலே திறக்கும்படி வீட்டிலேயே இறக்கி வைக்க வேண்டும். மழைத்துளி விழுந்த தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது, குளிரில் பேட்டரி திடீரென்று படுத்துவிடும். காகித வரைபடத்தை எடுத்துப்போகச் சொல்வது பழமைவாதம் அல்ல.

வரைபடத்தைத் திறந்ததும் மிரட்டுவது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் உள்ள பெயர்கள். சில சொற்களைத் தெரிந்துகொண்டால் அவையே வழி சொல்லும். பியாலக் என்றால் கணவாய். கோரி என்றால் மலையில் கிண்ணம்போலக் குடைந்த பள்ளம். ஆல்ட் என்றால் ஓடை. கார்வ் என்றால் கரடு. ஸ்ரோன் என்றால் மூக்கு, அதாவது மலையிலிருந்து துருத்திக்கொண்டு இறங்கும் முனை. உச்சிக்குக் கிழக்கே கார்வ் கோரி என்று போட்டிருந்தால், அந்தக் கரட்டுப் பள்ளத்தின் பக்கம் கால் வைக்காதே என்று இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்டிடையன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

இப்போது வழிக்கு வருவோம். கல்ரா அருகே ஓடைப் பாலத்தைக் கடந்து தென்கிழக்குக் கரைக்கு வந்துவிட வேண்டும். அங்கிருந்து நல்ல ஒற்றையடிப் பாதை, பிர்ச் மரக் கணவாயின் ஏரி என்று பொருள்படும் பெயர் கொண்ட சிறு ஏரியை நோக்கித் தெற்கே ஏறும். பென் ஆல்டருக்கு வடக்குப் பக்கம் இரண்டு முகடுகள் கை நீட்டியதுபோல் இறங்குகின்றன. நீளமானது லாங் லெக்கஸ், குட்டையானது ஷார்ட் லெக்கஸ். லாங் லெக்கஸில் போவதானால் ஏரிக்கு முன்பே பாதையைவிட்டு விலகி, ஏரியிலிருந்து வரும் ஓடையைத் தாண்டி, புதர்ச் சரிவில் முகட்டின் மூக்கைப் பிடிக்க வேண்டும். முகட்டின் மேல்பகுதியில் சில இடங்களில் பாறைப் படிகளைக் கையையும் ஊன்றி ஏற வேண்டும். காய்ந்த பாறையில் சுலபம், ஈரத்தில் வழுக்கும். ஷார்ட் லெக்கஸ் இதைவிடச் செங்குத்து, முதல் தடவைக்கு வேண்டாம்.

பாறை ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்கும் மழை நாளுக்கும் வேறு வழி இருக்கிறது. முகட்டை மறந்துவிட்டுப் பாதையிலேயே ஏரியின் கிழக்குக் கரையோரம் போய், பியாலக் ப்ரெபக் கணவாயில் ஏறி, அங்கிருந்து வடமேற்காக உச்சிக்குப் போய், வந்த வழியே திரும்பலாம். காட்சி கொஞ்சம் குறையும், ஆனால் ஏறின வழி இறங்கும்போது தெரிந்த வழியாகிவிடும். எது என்பதை அடிவாரத்தில் நின்று தர்க்கம் செய்யாமல், முதல் நாள் இரவே முடிவு செய்து வைப்பது நல்லது.

இந்த மலையில் தவறு நடக்கும் இடம் ஏறும் வழியல்ல, மேலே உள்ள பீடபூமி. முகடு முடிந்ததும் கல்லும் பாசியுமாகப் பரந்த மேட்டுச் சமவெளி. தெளிவான நாளில் உலாவுவதற்கு அதைவிட நல்ல இடமில்லை. மேகம் இறங்கிவிட்டால் எல்லாத் திசையும் ஒன்றுதான். கிழக்கு ஓரம் முழுவதும் கோரிகளின் செங்குத்து. அந்த விளிம்பில் பனி மே மாதம் வரை, சில வருஷங்களில் அதற்குப் பிறகும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கத் தரை மாதிரி இருக்கும், அடியில் வெறும் காற்று. விளிம்பைக் கைகாட்டியாக வைத்து நடக்கலாம் என்பது கோடைக்கு மட்டும் பொருந்தும். பனி இருக்கும்வரை பல மீட்டர் உள்ளே தள்ளியே நடக்க வேண்டும்.

உச்சிக் கல் தூணிலிருந்து கணவாய்க்கு ஒரே நேர்க்கோடு போட்டு இறங்குவதுதான் இங்கே எல்லோரும் செய்யக்கூடிய பிழை. கோடு விளிம்பை உரசிக்கொண்டு போகும். அதை இரண்டாக உடைக்க வேண்டும். முதலில் கோரி விளிம்பு இடப்பக்கம் விலகியே இருக்கும்படி தெற்காக ஒரு துண்டு, பிறகு சரிவு தெளிவாகக் கீழே சாயத் தொடங்கியதும் தென்கிழக்காகக் கணவாய்க்கு ஒரு துண்டு. இரண்டுக்கும் திசைக்கோணத்தை வீட்டு மேசையில் அளந்து, வரைபட ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். அதற்குத் திசைகாட்டித் தகட்டின் நீள ஓரத்தை உச்சியில் வைத்து, போக வேண்டிய புள்ளியோடு சேருங்கள். வட்டத்தைச் சுழற்றி உள்கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாக்கி, எண்ணைப் படியுங்கள். மலையில் செய்ய வேண்டியது இவ்வளவே: வட்டத்தில் அந்த எண்ணை வைத்து, தகட்டை வயிற்றுக்கு நேரே பிடித்து, சிவப்பு முள் வட்டத்துக்குள் வரைந்திருக்கும் அம்புக்குறிக்குள் வரும்வரை உடம்போடு திரும்ப வேண்டும். பிறகு முள்ளையே பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது. அந்தத் திசையில் மூடுபனிக்குள் கடைசியாகத் தெரிகிற ஒரு கல்லைப் பிடித்து அதுவரை போய், மறுபடி பார்க்க வேண்டும். சமதரையில் 100 மீட்டருக்கு இடது கால் அறுபதிலிருந்து அறுபத்தைந்து தடவை விழும், கல்லில் எழுபதைத் தாண்டும். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு சிறு கல்லைப் பையிலிருந்து மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் களைத்த மூளை எண்ணிக்கையைத்தான் முதலில் தவறவிடும். பழைய புத்தகங்கள் காந்த வடக்குக்காக ஐந்தாறு பாகை கூட்டச் சொல்லும். இப்போது அங்கே வித்தியாசம் ஒரு பாகைக்கு மேல் இல்லை, கூட்டினால்தான் தப்பாகும்.

கணவாயில் இன்னொரு கண்ணி. பனிமூட்டத்தில் அங்கே வந்து சேர்ந்ததும் இறங்கும் வழி இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். வடக்கே இறங்கினால் சிறு ஏரி, பாதை, கல்ரா. தெற்கே இறங்கினால் எரிக்ட் ஏரியின் ஆல்டர் குடா. தெற்கே போய்விட்டால் சைக்கிளும் நீங்களும் மலையின் எதிரெதிர்ப் பக்கம். அங்கிருந்து கரையோரமாக டால்வின்னிக்கு இருபது கிலோமீட்டர் அளவு, முதல் பாதியில் ஒழுங்கான பாதையும் கிடையாது. கணவாயில் நின்று ஒரு நிமிடம் முள்ளைப் பார்ப்பதில் வெட்கமில்லை.

நேரத்தை வெட்டும் இடமும் இந்தக் கணவாய்தான். பிற்பகல் இரண்டு மணிக்குள் இங்கே வந்தால் பென் வியோல். தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு ஏரிப் பாதையில் இறங்க வேண்டும், ஒரு மணி நேரம் மிச்சமாகும். அதேபோல் பன்னிரண்டரைக்குள் பீடபூமியை எட்டவில்லையென்றால் உச்சியை விட்டுவிட வேண்டியதுதான். இப்படி நேரம் குறித்த வழித்தாளில் ஒன்றை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் போலீசை அழைக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். மலையில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. இருந்தால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேட்க வேண்டும். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருந்தாலும் குறுஞ்செய்தி போய்விடக்கூடும், ஆனால் 999-க்குச் செய்தி அனுப்ப எண்ணை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. மூன்று ஊதல் பதிலாக வந்தால் கேட்டுவிட்டார்கள். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள்.

வானிலைக்கு நகர முன்னறிவிப்பைப் பார்த்துப் பயனில்லை. பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆபீசின் மலை முன்னறிவிப்பும், மவுன்டன் வெதர் இன்பர்மேஷன் சர்வீஸ் தருவதும் உச்சியில் என்ன காற்று, மேகம் எந்த உயரத்தில் நிற்கும் என்று சொல்லும். பென் ஆல்டர் இரு முன்னறிவிப்புப் பகுதிகளின் எல்லையை ஒட்டி இருப்பதால் மேற்கு, தென்கிழக்கு ஹைலண்ட்ஸ் இரண்டையும் படித்து மோசமானதை நம்புங்கள். உச்சியில் மணிக்கு 40 மைல் காற்று என்றால் நடையே தள்ளாடும். 50 என்றால் அன்று அந்த மலை வேண்டாம். டால்வின்னியைவிட உச்சியில் ஐந்து டிகிரி குளிர் அதிகம், காற்று அதன்மேல். மேகத்தின் அடிமட்டம் 900 மீட்டர் என்று போட்டிருந்தால் பீடபூமி முழுக்க மூடுபனிக்குள் என்று பொருள்.

முந்தின நாள் இரவு பெய்த மழையையும் விசாரியுங்கள். ஹைலண்ட்ஸ் ஓடைகள் சில மணி நேரத்தில் முழங்காலுக்கு மேல் ஏறி, அதே வேகத்தில் வடியும். பாலம் இல்லாத இடத்தில் தாண்ட வேண்டிய ஏரி ஓடை காலையில் கணுக்கால் அளவிருந்தாலும், பகல் முழுக்க மழை பெய்திருந்தால் மாலையில் அதே ஓடையாக இருக்காது. லாங் லெக்கஸில் ஏறி பென் வியோல் வழியாக இறங்கும் சுற்றில் அந்த ஓடையை இரண்டாம் தடவை தாண்ட வேண்டியதில்லை. அந்தச் சுற்றை அந்தத் திசையில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுமதிச்சீட்டு, வனத்துறை என்றெல்லாம் பழகியவர்கள் கேட்பார்கள். எதுவும் வேண்டாம். 2003-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் எஸ்டேட்டிலும் பொறுப்போடு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தருகிறது. கார் அந்த உரிமையில் சேராது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 20 வரை ஆண்மான் வேட்டை மும்முரம், எஸ்டேட் அறிவிப்பில் இந்த முகட்டில் போங்கள், அந்தப் பள்ளத்தைத் தவிருங்கள் என்று கேட்டிருந்தால் கேட்டபடி போவதுதான் மரியாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக வேட்டை கிடையாது.

பையில் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் காயாது. மழைச் சட்டையும் கால்சட்டையும், ஜூலையிலும் தொப்பியும் கையுறையும், தலைவிளக்கு, மாற்று பேட்டரி, ஆள் நுழையும் பிளாஸ்டிக் பை ஒன்று. தண்ணீர் ஒன்றரை லிட்டர். மிட்ஜ் என்கிற பொடிக் கொசுவுக்கு வலைத்தொப்பி. காற்று அடிக்கும் மேட்டில் அது வராது, சைக்கிள் பூட்டைத் திறக்கும் பள்ளத்தில்தான் மொய்க்கும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதனால் வருவது.

கட்டாயமாகத் திருத்தம் போட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இரவு தங்க வேண்டுமானால் கல்ரா குடில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் காரணமாக அது எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஆல்டர் குடாவில் இருக்கும் பென் ஆல்டர் காட்டேஜ் குடில் மலைக்கு அந்தப் பக்கம், சைக்கிள் இருக்கும் இடத்துக்கு நேர் எதிர். நேரம் தப்பியவர் கல்ராவில் கூரை இருக்கும் என்று நம்பிக் கூடாரம் இல்லாமல் போனால், மூடப்பட்ட குடிலுக்கு வெளியே மழையில்தான் உட்கார்ந்திருப்பார். அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்வர்னெஸ் வாசகர் ஒருவர்